ஒளியா, கரண்டா? சுண்டெலி இதயத்தில் ஒரு போட்டி

கல்லடியில் அக்கா வீட்டு முற்றத்தில் இருந்தபோது மருமகள் கேட்டாள்: "மாமா, அம்மம்மாட பேஸ்மேக்கர் கரண்டிலதானே வேலை செய்யுது? மறுகா என்னத்துக்கு எலிக்கு லைற் அடிக்கிறாங்க?" உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறவள். இதயமும் இரத்தக் குழாயும் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய்பவர்கள், சுண்டெலியில் அவற்றைக் கரண்டாலும் ஒளியாலும் உசுப்பிப் பார்க்கிறார்கள்; இரண்டில் எது மேல் என்பதுதான் கேள்வி. அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

கரண்டின் பக்கம் நியாயம் இருக்கிறது. மின்முனை மலிவு, பழகிய கருவி, எந்த எலியிலும் வைக்கலாம். ஆனால் கரண்டுக்குக் கண் கிடையாது. முனையைச் சுற்றியுள்ள தசைக்கலம், நரம்பு நுனி எல்லாவற்றையும் சேர்த்தே உசுப்பிவிடும். துடிப்பு மாறினால் அது தசையின் வேலையா, நரம்பின் வேலையா என்று பிரிப்பது பெரும்பாடு.

ஒளிக்கு ஆளைத் தெரிந்தெடுக்கத் தெரியும். கிளமிடோமோனசு என்ற பச்சை அல்காவில் சனல்ரொடொப்சின்-2 என்று ஒரு புரதம் உண்டு. 470 நானோமீற்றர் அளவிலான நீல ஒளி பட்டதும் இது கதவு மாதிரித் திறக்கும். நேர் மின்னேற்றமுள்ள அயன்கள் உள்ளே பாயும், கலம் உசும்பும். இதன் மரபணுவை இதயத் தசைக்கலத்தில் மட்டும் வைத்தால், வெளிச்சத்துக்கு அந்தக் கலம் மட்டும் பதில் சொல்லும். ஜேர்மனியின் பொன் நகர ஆய்வாளர்கள் உயிருள்ள சுண்டெலியின் இதயத்தை இப்படி ஒளியால் துடிக்க வைத்து 2010 இல் வெளியிட்டார்கள்.

இரத்தக் குழாயில் போட்டி இன்னும் ஒருபக்கமானது. சிறு நாடியில் உள்பக்கத்தைப் போர்த்தும் உட்படைக் கலமும் குழாயைச் சுருக்கும் மழமழப்பான தசைக்கலமும் ஒட்டிக்கொண்டே கிடக்கின்றன; வெளியே நரம்பு சுற்றி ஓடுகிறது. கரண்டை விட்டால் மூன்றும் ஒன்றாகப் பேசும். ஒளியில் தசைக்கு மட்டும் கட்டளை போகும், குழாய் சுருங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். குழாயைப் பற்றிய கேள்வி என்றால் நான் யோசிக்காமல் ஒளியைத்தான் எடுப்பேன்.

ஆனால் ஒளி ஆழம் போகாது. கரண்ட் போன இரவில் ஃபோன் ரோச்சை விரலால் மூடிப் பாருங்கள்: விரல் சிவப்பாகத் தெரியும், நீலம் வெளியே வராது. குருதி அதை விழுங்கிவிடுகிறது. சுண்டெலியின் இடது இதயவறைச் சுவர் ஒரு மில்லிமீற்றர் அளவுதான். அதிலேயே நீல ஒளி உட்பக்கம் போகப் போக மங்கிவிடும். சிவப்பு ஒளிக்கு மசியும் புரத வகைகளைத் தேடுவது இதனால்தான்.

கட்டளை போடுவது ஒன்று, ஒட்டுக் கேட்பது இன்னொன்று. ஒவ்வொரு துடிப்பிலும் கலத்துக்குள் கல்சியம் ஏறி இறங்கும்; அதைப் பார்க்க முன்பு சாயம் ஏற்றுவார்கள். அது எல்லாக் கலத்திலும் புகும், நேரம் போகப் போகக் கசிந்துவிடும். ஜீகேம்ப் என்ற மரபணு உணரி, ஜெலி மீனின் பச்சைப் புரதத்தைக் கொண்டு செய்தது; கல்சியம் ஒட்டினால் பிரகாசிக்கும், விரும்பிய கலத்தில் மட்டும். சுண்டெலி இதயம் நிமிடத்துக்கு 500, 600 தடவை துடிக்கும் என்பதால் மந்தமான உணரி பின்தங்கிப்போகும். அதோடு ஒரு வில்லங்கம்: உணரியே கல்சியத்தைப் பிடித்து வைக்கிறது. இந்த உணரி வைத்த ஆரம்பகால எலிகளில் அது எப்போதும் இதயத்தில் உற்பத்தியானபோது இதயம் பெருத்தது. வேண்டிய நேரத்தில் மட்டும் உற்பத்தியாகும்படி மாற்ற வேண்டி வந்தது. அளக்கப் போன படியே அரிசியைத் தின்ற கதை.

மரபணுவை உள்ளே அனுப்ப இரண்டு வழி. எலிகளைக் கலந்து இனம் பெருக்கினால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஆனால் அநேகமாக எல்லா இலக்குக் கலத்திலும் சீராக இருக்கும். வைரஸ் ஊசி சில வாரங்களில் முடியும். சில கலத்துக்குக் கிடைக்கும், சிலதுக்குக் கிடைக்காது. பொறுமை இருந்தால் முதலாவதே மேல்.

"அப்போ அம்மம்மாக்கும் லைற் வைக்கலாமா?" என்றாள். மனிதரின் இடது இதயவறைச் சுவர் ஒரு சென்ரிமீற்றர் அளவு தடிப்பு. போதாததற்கு மரபணுவையும் மாற்ற வேண்டும். உள்ளே கதிரையில் தூங்கிக்கொண்டிருந்த அம்மாவுக்கு இப்போதைக்குக் கரண்டே போதும்.