பேசும் படஅட்டைப் பெட்டி: சார்ஜ் இருந்தால் ரெண்டு நட்சத்திரம், இல்லாவிட்டால் நாலு

வீட்டில் ரெட்டைப் பிள்ளைகள். மூத்தது பெண், ஆறு நிமிஷம் கழித்துப் பையன். வயசு ஒண்ணே முக்கால். ஒன்றரை வயசில் அவளுக்கு எட்டு வார்த்தை இருந்தது, அவனுக்கு ரெண்டு: "ம்மா", "தா". அந்த "தா"வை வைத்தே ராஜ்யம் நடத்திக்கொண்டிருந்தான். அவன் கையை நீட்டினால் அவள் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்துவிடுவாள், பிறகு அவன் எதற்கு வாயைத் திறக்கிறான்?

அந்தக் கவலையில் ராத்திரி பதினோரு மணிக்கு ஆன்லைனில் வாங்கியதுதான் இந்தப் பெட்டி. விலை 449 ரூபாய். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதில் அட்டை செருக ஒரு வாய். செருகினால் படத்தின் பெயரை ஆங்கிலத்தில் சொல்லும், மிருகம் என்றால் கத்தியும் காட்டும். 112 அட்டை, ரெண்டு பக்கமும் படம், ஆக 224 வார்த்தை. இது திரை இல்லாத சாமான் என்பதால் போனைக் கொடுப்பதற்கு இது மேல் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதல் நாளே தெரிந்துபோனது, பெட்டிக்கு வாய் ஒன்றுதான். பிள்ளைகள் ரெண்டு. அவள் மாட்டைச் செருகும்போதே அவன் பஸ்ஸைத் திணிப்பான். இரண்டும் நடுவில் சிக்கும், அழுகை, கடி. ரெட்டைப் பிள்ளை வைத்திருப்பவர்கள் வாங்கினால் ரெண்டாக வாங்குங்கள், அதுவும் ஒரே நிறத்தில். அட்டையும் மெலிசு. ஒரு வாரத்தில் முப்பது அட்டைக்காவது மூலை நைந்துவிட்டது. பையனுக்கு யானையின் தும்பிக்கை ருசியாக இருந்திருக்க வேண்டும்.

சத்தம் ஓங்கி வருகிறது, ஆனால் உச்சரிப்பு எந்த ஊர் என்று எனக்கே பிடிபடவில்லை. மாட்டு அட்டையைப் போட்டதும் "கவ்" என்றது. எங்கள் அத்தை அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு, "ஏட்டி, பாளையங்கோட்டை மாடு எங்கயாவது இங்கிலீஷ்ல கத்துமா?" என்றார். பிள்ளைகளுக்கு அந்தக் குழப்பமே இல்லை. "க்ரோ" என்று பெட்டி எத்தனை தடவை சொன்னாலும் பெண் ஜன்னலைக் காட்டி "காக்கா" என்பாள். மூன்று வாரம் கழித்துக் கணக்குப் பார்த்தேன். பெட்டி சொல்லி வந்த வார்த்தை ஒன்றுகூட இல்லை. அது பேசும்போது நாங்கள் பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்தோம், அவ்வளவுதான் நடந்தது.

குழந்தை டாக்டரிடம் போனபோது இதைச் சொன்னேன். காது டெஸ்ட் ஒன்று எழுதிக் கொடுத்தார், அது நன்றாகவே வந்தது. 36 வாரத்தில் பிறந்தவர்கள் என்பதால் ரெண்டு வயசுவரை ஒரு மாதத்தைக் கழித்துத்தான் எண்ண வேண்டும், ரெட்டைப் பிள்ளைகள் பேச்சில் கொஞ்சம் பின்னால் வருவது சகஜம், ஆனாலும் ரெண்டு வயசில் ஐம்பது வார்த்தையாவது வருகிறதா, ரெண்டு வார்த்தையைச் சேர்க்கிறார்களா என்று பாருங்கள் என்றார். "ரெண்டு பேர்கிட்டயும் சேர்த்துப் பேசாதீங்க, தனித்தனியாப் பேசுங்க" என்பதுதான் அவர் அழுத்திச் சொன்னது. சத்தம் போடும் பொம்மையை வைத்துக்கொண்டால் பெற்றோர் பேச்சு குறையும் என்றும் சொன்னார். நம்பாமல் தேடிப் படித்தேன். 2016-ல் ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று இருக்கிறது. 10 முதல் 16 மாதப் பிள்ளைகள், பெற்றோரும் பிள்ளையுமாக 26 ஜோடி. எலக்ட்ரானிக் பொம்மையோடு இருக்கும்போது பெற்றோர் நிமிஷத்துக்குச் சுமார் 40 வார்த்தை பேசியிருக்கிறார்கள், புத்தகம் கையில் இருந்தால் 67. என் பிள்ளைகள் அதைவிடப் பெரியவர்கள்தான். இருந்தாலும் எங்கள் வீட்டு நடுக்கூடத்தை ஒளிந்திருந்து பார்த்து எழுதியதுபோல இருந்தது.

இதற்கிடையில் ஒரு நாள் சாயங்காலம் சார்ஜ் தீர்ந்தது. பெண் காக்கா அட்டையைச் செருகினாள். சத்தம் இல்லை. எடுத்து ஊதிவிட்டுத் திரும்பச் செருகினாள். பெட்டியைக் காதில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து ரெண்டு கையையும் விரித்து, "காக்கா போச்சு" என்றாள். ரெண்டு வார்த்தை! அடுப்பில் பால் பொங்குவதைக்கூட நான் கவனிக்கவில்லை. பையன் பெட்டியைப் பிடுங்கி, அதன் வாயில் தன் வாயை வைத்து, "காக்கா!" என்று கத்தினான். பெட்டிக்காக இவன் பேசுகிறான். அவனுடைய மூன்றாவது வார்த்தை அது.

அதன்பின் நான் சார்ஜ் போடவே இல்லை. அட்டைகளில் நம் வீட்டில் இருக்கிற சாமான்களாகப் பார்த்து நாற்பது பொறுக்கினேன், ஸ்னோமேனும் ப்ரோக்கோலியும் பீரோவுக்கு மேலே போய்விட்டன. காலையில் அவள் குளிக்கும்போது அவன் அத்தை மடியில் பத்து அட்டையோடு உட்காருவான், பிறகு இடம் மாறும். அத்தை பஸ் அட்டையைக் காட்டினால் திருச்செந்தூர் போகும் வழியெல்லாம் வரும். இப்போது அவனிடம் பதினாலு வார்த்தை. "பஸ்" என்பது "பச்சு".

அட்டைக்காக வாங்கலாம். பெட்டிக்காக என்றால் வேண்டாம். இன்னொன்று, 112 அட்டையையும் வாங்கிய அன்றைக்கே எண்ணி வையுங்கள். எங்கள் வாழைப்பழ அட்டை போன வாரம் அரிசிப் பானைக்குள்ளிருந்து வந்தது. செருப்பு அட்டையை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.