வேளாண் பொருளியல் முதுநிலைப் படிப்பு: படித்து முடித்தவரின் மதிப்பீடு

இளநிலை வேளாண்மைப் பட்டத்துக்குப் பிறகு, தமிழ்நாட்டின் வேளாண் கல்லூரி ஒன்றில் வேளாண் பொருளியல் முதுநிலைப் படிப்பை இரண்டு ஆண்டுகள் படித்து அண்மையில் முடித்தேன். இதில் சேரலாமா என்று இளையவர்கள் அடிக்கடி கேட்பதால் என் அனுபவத்தை எழுதி வைக்கிறேன்.

இப்படிப்பு எனக்குக் கொடுத்தவற்றுள் ஆகச் சிறந்தது சாகுபடிச் செலவுக் கணக்கு. விதை, உரம், ஆள் கூலி, குத்தகை என்று விவசாயி தன் கையிலிருந்து கொடுத்தவை எல்லாம் ஏ2 செலவு; அவரும் வீட்டாரும் வயலில் செய்த வேலைக்கு மதிப்பிட்ட கூலியைக் கூட்டினால் அது ஏ2+எஃப்எல்; சொந்த நிலத்தின் வாடகை மதிப்பையும் சொந்த முதலுக்கான வட்டியையும் சேர்த்தால் சி2. 2023-24ஆம் ஆண்டில் சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,183 ரூபாய் என்று ஆதரவு விலை அறிவிக்கப்பட்டபோது, அது 1,455 ரூபாய் என்ற ஏ2+எஃப்எல் செலவின் ஒன்றரை மடங்காக நிர்ணயிக்கப்பட்டது என்பதையும், விவசாயச் சங்கங்கள் சி2 செலவின் ஒன்றரை மடங்கு கேட்பது ஏன் என்பதையும் இந்தப் பாடத்தால்தான் புரிந்துகொண்டேன்.

அந்தக் கணக்கின் உயிர் களப்பணியில் இருக்கிறது. வினாப்பட்டியலுடன் ஒரு வீட்டுக்குச் சென்றபோது, வயலில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டதற்கு அந்த அம்மா, "நான் ஒண்ணும் செய்யலப்பா, சும்மா கூடமாட இருந்தேன்" என்றார். நாற்றுப் பறித்தது, களை எடுத்தது, களத்தில் நெல்லைக் காயவைத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதியபோது அது பத்தொன்பது நாள் உழைப்பாக வந்தது. குடும்ப உழைப்பு என்ற தலைப்பை அதற்கு முன் ஒரு செமஸ்டர் முழுவதும் படித்திருந்தும், அதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது.

குறைகளும் உண்டு. உரம், ஆள் போன்றவற்றுக்கும் விளைச்சலுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் சமன்பாடான காப்-டக்ளஸ் உற்பத்திச் சார்பைக் கணினியில் ஓட்டி விடை எடுக்கக் கற்பித்தார்களே தவிர, விடையாக வந்த எண்களான கெழுக்கள் அந்த வயலைப் பற்றி என்ன சொல்கின்றன என்பதை விளக்க வகுப்பில் நேரம் ஒதுக்கவில்லை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு ஒரே ஒரு நாள், அதுவும் ஏலம் முடிந்த பிறகு, அழைத்துச் சென்றார்கள். விலை எப்படி உருவாகிறது என்பதைப் படிக்கும் மாணவர் ஏலத்தைப் பார்க்காமலே பட்டம் பெறுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, நபார்டு வங்கியின் அதிகாரிகள் தேர்வில் பொருளாதாரமும் வேளாண்மை, ஊரக வளர்ச்சியும் இடம்பெறுவதால் இப்படிப்பு நேரடியாகக் கைகொடுக்கிறது. கணக்கில் ஓரளவு விருப்பமும், முன்பின் தெரியாத வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்கும் மனமும் உள்ளவர்கள் தயங்காமல் சேரலாம்.

சேர்ந்தவர்கள் ஆய்வுக்கான களப்பணியை அறுவடை முடிந்த முதல் மாதத்திலேயே வைத்துக்கொள்ள வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் நான்கு மாதம் கழித்துப் போனேன், அதற்குள் எத்தனை மூட்டை உரம் போட்டோம் என்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது.