கரப்பான் ஜெல் விமர்சனம்: விஷத்துக்கு இரண்டு மார்க், சர்க்கரைக்கு எட்டு மார்க்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரம் இருப்பவர்கள் இதோடு கிளம்பலாம். ஊசிக்குழாயில் வரும் கரப்பான் ஜெல் வேலை செய்கிறது, ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது அட்டைப்பெட்டியில் எழுத வேண்டியதை எழுதாமல் விட்டதற்காக, அந்தச் சண்டையைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன்.

நான் வாங்கியது இன்டாக்ஸாகார்ப் என்ற பூச்சி மருந்து 0.6 சதவீதம் சேர்ந்த ஜெல். பழுப்பு நிறப் பசை, நம் மூக்குக்கு வாசனை என்று பெரிதாக ஒன்றும் தெரியாது. அலமாரிக் கதவின் கீல், சிங்குக்கு அடியில் குழாய் சுவருக்குள் போகும் ஓட்டை, ஃப்ரிட்ஜின் மோட்டார் பக்கம் என்று கதகதப்பும் ஈரமும் இருட்டும் சேர்ந்த இடமாகப் பார்த்து மிளகளவு புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரே இடத்தில் தாராளமாகப் பிதுக்குவதைவிடப் பல இடங்களில் சின்னச் சின்னதாக வைப்பதுதான் சரி. அன்று இரவே சமையலறை விளக்கைப் போட்டபோது கீலுக்குப் பக்கத்தில் ஒரு கரப்பான் தலையைக் குனிந்து தின்றுகொண்டிருந்தது. வழக்கமாக விளக்கு எரிந்த நொடியில் மறைகிற ஜாதி, அன்றைக்கு மீசையை மட்டும் ஆட்டிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தது. அப்போதே இந்த ஜெல்லின் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது, ஏனென்றால் கொல்வது எளிது, தின்ன வைப்பதுதான் கஷ்டம்.

அடுத்தடுத்த நாட்களில் தரையில் மல்லாந்து கிடந்தவை எல்லாம் ஜெல்லை நேராகத் தின்றவை என்று நினைக்க வேண்டாம். இன்டாக்ஸாகார்பின் விசேஷம், அது பூச்சியின் உடம்புக்குள் போனபிறகுதான் முழு விஷமாக மாறுகிறது. பூச்சியின் நொதிகளே அதை மாற்றிக் கொடுத்துத் தங்கள் கதையை முடித்துக்கொள்கின்றன. மாறுவதற்குக் கொஞ்சம் நேரம் ஆவதால் தின்ற கரப்பான் தன் பொந்துக்குத் திரும்பிப் போய் அங்கே எச்சமிட்டுச் சாகிறது. பொந்தைவிட்டு அதிகம் வெளியே வராத குஞ்சுகள் அந்த எச்சத்தையும் பிணத்தையும் தின்னும். இதை உட்கார்ந்து கணக்கெடுத்தவர்கள் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் புச்கோவ்ஸ்கி, கேரி பென்னட் குழுவினர். ஜெல் தின்று செத்த பெரியவற்றால் குஞ்சுகள் சாகின்றன, அந்தக் குஞ்சுகளைத் தின்றவையும் சாகின்றன என்று 2008ல் காட்டினார்கள். ஒரு புள்ளி ஜெல்லுக்கு மூன்று சுற்றுச் சாவு. கரப்பான் பீயையும் கரப்பான் பிணத்தையும் வைத்து இவ்வளவு பொறுமையாக ஆராய்ச்சி செய்தவர்களுக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும்.

ஆனால் இந்தப் பொருளின் உண்மையான கதாநாயகன் என்று நான் நினைப்பது ஜூல்ஸ் சில்வர்மன் என்ற பூச்சியியலாளரை. 1980களின் பிற்பகுதியில் அவர் வீட்டு உபயோகப் பொருள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தார். அப்போது கரப்பான் தீனிப் பொறிகளில் ஆசை காட்டுவதற்குச் சோளப் பாகு, அதாவது குளுக்கோஸ் சேர்ப்பது வழக்கம். எல்லா இடத்திலும் பிரமாதமாக வேலை செய்த பொறி ஃப்ளோரிடாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மட்டும் எடுபடவில்லை. விஷத்துக்கு எதிர்ப்பு வந்துவிட்டது என்று எல்லோரும் சொல்லக்கூடிய இடம் இது. சில்வர்மன் தீனியில் இருந்த பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்துப் பார்த்தார். விஷத்தோடு அவற்றுக்கு ஒரு தகராறும் இல்லை, குளுக்கோஸைக் கண்டால்தான் ஓடின. ஃப்ரக்டோஸ் என்ற வேறு சர்க்கரையைக் கொடுத்தால் ஓடிவந்து தின்றன. அதைவிடப் பெரிய விஷயம், இது பட்டு அறிந்து வந்த பழக்கம் இல்லை, பெற்றோரிடமிருந்து குஞ்சுகளுக்கு இறங்குகிற குணம். குளுக்கோஸ் கலந்த விஷத்தை நாம் எல்லா இடத்திலும் வைக்க வைக்க, இனிப்பு பிடித்தவை செத்துப்போய், இனிப்பைத் துப்புகிறவை மட்டும் பிள்ளை பெற்றன. 1993ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

அவை ஏன் துப்புகின்றன என்பதற்குப் பதில் கிடைக்க இன்னும் இருபது வருடம் ஆனது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கோபி ஷால் நடத்தும் ஆய்வகம், அங்கே அயாகோ வாடா-கட்சுமாடா, கூடவே அதற்குள் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே வந்துவிட்ட சில்வர்மன், மூன்று பேருமாக 2013ல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். கரப்பானின் வாய்ப் பக்கம் இருக்கும் சுவை மயிர்களில் நுண்ணிய மின்முனையைப் பொருத்தி, எந்தச் சுவைக்கு எந்த நரம்பு துடிக்கிறது என்று கேட்டுப் பார்த்த வேலை அது. ஒரு கரப்பானின் வாயில் உள்ள ஒரு மயிரைப் பிடித்து அதற்கு மேல் கம்பி மாட்டுவதை யோசித்துப் பாருங்கள், எனக்கு ஊசியில் நூல் கோக்கவே பொறுமை போதாது. சாதாரணக் கரப்பானில் குளுக்கோஸ் பட்டால் இனிப்பு நரம்பு மட்டும் துடிக்கும். மறுக்கிற கரப்பானில் கசப்பு நரம்பும் சேர்ந்து துடித்தது. ஆக, அவற்றுக்குச் சர்க்கரை நிஜமாகவே கசக்கிறது.

வாடா-கட்சுமாடா அதோடு விடவில்லை. ஆண் கரப்பான் இறக்கையைத் தூக்கி முதுகில் ஓர் இனிப்புத் திரவத்தைச் சுரக்கும், பெண் அதை நக்க ஏறும்போதுதான் இணை சேரும். அந்தத் திரவத்தில் இருக்கும் மால்டோஸ் என்ற சர்க்கரை பெண்ணின் எச்சிலில் குளுக்கோஸாக உடைகிறது. குளுக்கோஸ் கசக்கும் பெண்ணோ பாதியிலேயே இறங்கிப் போய்விடுகிறது! நாம் வைத்த விஷத் தீனி கரப்பானின் கல்யாணம் வரைக்கும் போய்க் கலைத்துவிட்டது என்று 2022ல் அந்தக் குழு காட்டியது. சந்தோஷப்பட வேண்டாம், அதற்கும் ஆண்கள் திரவத்தின் சேர்மானத்தை மாற்றி, சீக்கிரமாகக் காரியத்தை முடிக்கப் பழகிவிட்டன.

இப்போது அந்தக் குறைந்த நட்சத்திரத்துக்கு வருகிறேன். பெட்டியில் விஷத்தின் பெயர் இருக்கிறது, சதவீதம் இருக்கிறது, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள் இருக்கிறது. தீனியில் என்ன சர்க்கரை என்று ஒரு எழுத்து இல்லை. தொழில் ரகசியம் என்பார்கள். சரி, செய்முறையைக் கேட்கவில்லை, குளுக்கோஸ் உண்டா இல்லையா என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? ஜெல் எடுபடாத வீட்டுக்காரர் விஷம் போதவில்லை என்று நினைத்து இன்னும் கடுமையானதைத் தேடிப் போகிறார். அவருக்குத் தேவை வேறு தீனி உள்ள இன்னொரு ஜெல், அவ்வளவுதான். பூச்சி மருந்தையே தாங்கப் பழகிய கூட்டங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஜெல் தொடப்படாமல் அப்படியே காய்ந்து கிடந்தால் சந்தேகம் முதலில் தீனியின் மேல் வர வேண்டும். தின்றும் சாகாமல் திரிந்தால்தான் மருந்தின் மேல்.

ஸ்பிரேயோடும், அறை முழுக்கப் புகை போல் பரப்பும் டப்பாவோடும் ஒப்பிடச் சொல்லிப் பலர் கேட்பார்கள். புகை டப்பாவை வாங்காதீர்கள். ஷால் குழுவே ஜாக்கரி டெவ்ரீஸ் என்பவரை முன்னிறுத்தி, கரப்பான் நிறைந்த நிஜ வீடுகளில் நான்கு வகை டப்பாக்களை வைத்துப் பார்த்து 2019ல் எழுதியது. கரப்பான் எண்ணிக்கை குறையவில்லை, மருந்து மட்டும் தரையிலும் சமையல் மேடையிலும் படிந்து நின்றது. கரப்பான் ஒளியும் இடுக்குக்குள் அது போகவில்லை, நாம் கை வைக்கும் இடத்துக்குப் போனது. ஜெல் வைத்த வீடுகளில் எண்ணிக்கை நன்றாகவே இறங்கியது. ஸ்பிரேயைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன், ஜெல் வைத்த இடத்துப் பக்கம் அடிக்காதீர்கள். ஸ்பிரே வாடை பட்ட தீனியைக் கரப்பான் ஒதுக்கிவிடும், வாங்கிய ஜெல்லும் வீண்.

இதையெல்லாம் அருவருப்புக்காக மட்டும் செய்கிறோம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு பெயர்கள். டேவிட் ரோசன்ஸ்ட்ரீச் தலைமையில் 1997ல் வந்த ஆய்வு, அமெரிக்க நகரங்களின் நெருக்கமான பகுதிகளில் வாழும், ஆஸ்துமா உள்ள 476 குழந்தைகளைப் பார்த்தது. கரப்பான் ஒவ்வாமையும் இருந்து, படுக்கையறையில் கரப்பான் தூசியும் அதிகம் இருந்த குழந்தைகள் மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அதற்குப் பல வருடம் கழித்து டுலேன் பல்கலைக்கழகத்தின் ஃபெலிசியா ராபிட்டோ ஒரு நேரடியான கேள்வி கேட்டார். வேறு எதையும் மாற்றாமல் தீனி மருந்து மட்டும் வைத்தால் குழந்தைக்கு மூச்சு சரியாகுமா? நியூ ஆர்லியன்ஸ் வீடுகளில் ஒரு வருடம் நடத்திய அந்தச் சோதனையில் கரப்பானும் குறைந்தது, ஆஸ்துமாத் தொந்தரவும் குறைந்தது. 2017ல் வெளியானது. ஜெல்லை விற்பவர்கள் பெட்டியில் போடும் கரப்பான் படத்துக்குப் பதிலாக இந்த ஒரு வரியைப் போட்டிருந்தால் நான் ஐந்தாவது நட்சத்திரத்தைக் கொடுத்தே இருப்பேன்.

வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தை. பெண் கரப்பான் முப்பது நாற்பது முட்டை உள்ள பையை வயிற்றின் நுனியில் சுமந்து திரியும், முட்டைகள் தின்னாது என்பதால் முதல் தடவை வைத்த ஜெல் அவற்றைத் தொடாது. ஆகவே சில வாரம் கழித்து மறுபடி வைத்தே ஆக வேண்டும், இதை விட்டுவிட்டு மருந்து சரியில்லை என்று ஒரு நட்சத்திரம் போடாதீர்கள். நான் சொல்வதெல்லாம் தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடு உள்ள சின்ன ஜாதிக்குத்தான். சாக்கடையிலிருந்து ஏறிவரும் பெரிய செந்நிறக் கரப்பானுக்கு முதலில் ஓட்டையை அடைப்பதுதான் வழி, ஜெல் அப்புறம். இரவில் பாத்திரத்தைக் கழுவாமல் போட்டால் உங்கள் ஜெல்லுக்குப் போட்டி அந்த எண்ணெய்ச் சட்டிதான், அதில் பெரும்பாலும் சட்டியே ஜெயிக்கும். குழாயின் மூடியை இறுக்கி மூடி வையுங்கள், இல்லையென்றால் அடுத்த தடவைக்குள் நுனி இறுகிப்போய்விடும்.