பொன்னாடைகளுக்குப் பிறகு தொடங்கும் கூடல்

மட்டக்களப்பு நகரில் இயங்கும் ஓர் எழுத்தாளர் வட்டத்தில் ஆறு ஆண்டுகளாகச் சந்தா செலுத்தி வரும் உறுப்பினன் நான். ஆகவே அவ்வட்டத்தின் ஆண்டுக் கூடலைப் பற்றிய இம்மதிப்பீட்டில் ஒரு பங்காளிக்குரிய உரிமையும் சலிப்பும் கலந்திருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவ்வாண்டுக் கூடல், கல்லடிப் பாலத்தைக் கடந்ததும் வரும் ஒரு மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் நடைபெற்றது. வாகரையிலிருந்து அக்கரைப்பற்று வரையிலான ஊர்களின் எழுத்தாளர்கள், காத்தான்குடி, ஏறாவூர் நண்பர்கள் உட்பட, கணிசமாக வந்திருந்தனர்.

ஒன்பது மணிக்கு என்று அழைப்பிதழ் சொன்ன நிகழ்வு பத்தேகாலுக்குத் தொடங்கியது. மங்கல விளக்கேற்றல், தமிழ்மொழி வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை எனப் படிப்படியாக ஏறி, இரண்டு நூல்களின் வெளியீட்டையும் முதற்பிரதி, சிறப்புப் பிரதி வழங்கலையும் கடந்து, பொன்னாடைகள் தீர்ந்தபோது மணி ஒன்றாகிவிட்டது. கடித உறையில் அன்பளிப்பை வைத்துக் கொடுத்து நூலைப் பெற்றுக்கொள்ளும் எம்மவர் வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். சொந்தக் காசில் முந்நூறு பிரதி அச்சிட்ட ஒருவருக்கு அச்சகக் கடன் அடைவது பெரும்பாலும் அந்த உறைகளால்தான். ஆனால் நயவுரை நிகழ்த்தியவர் நூலின் கடைசிக் கதைகளைப் படித்திருக்கவில்லை என்பது மண்டபத்தில் எல்லோருக்கும் தெரிந்தது, நூலாசிரியர் உட்பட. ஏற்புரையில் அவர் காட்டிய பொறுமை பாராட்டுக்குரியது.

மதிய உணவு நன்று. மீன்குழம்பைப் பற்றித் தனியே எழுதலாம், எழுதவில்லை.

இக்கூடலின் உயிர் பிற்பகல் கையெழுத்துப் பிரதி அமர்வில்தான் இருக்கிறது. இன்னும் அச்சேறாத எட்டுப் படைப்புகள் ஒரு மாதம் முன்னதாகவே பிரதி எடுக்கப்பட்டு உறுப்பினர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. ஆகவே வட்டமாகப் போடப்பட்ட கதிரைகளில் வந்தமர்ந்தவர்கள் வாழ்த்த வராமல், படித்துவிட்டு வந்திருந்தனர். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் அறுவடைக் காலத்தை வைத்து ஓர் இளைஞர் எழுதியிருந்த சிறுகதை முதலில் எடுக்கப்பட்டது. வெளியூர் வாசகருக்கும் விளங்க வேண்டும் என்ற எண்ணத்தில் அவர் ‘வட்டை’ வரவேண்டிய இடமெல்லாம் ‘வயல்’ என்றும், ‘களவெட்டி’யை ‘நெற்களம்’ என்றும் மாற்றியிருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தாமே இளமையில் சூடு மிதித்து நெல் பிரித்தவர், நெடுநேரம் தாள்களைப் புரட்டிவிட்டு, “மனே, களவெட்டிக்குள்ள நிண்டு நெல்லெண்டு சொல்லுறவன் ஆரு? பொலியெண்டெல்லோ சொல்லுவான்” என்றார். அதிலிருந்து எழுந்த விவாதம் சொற்களோடு நிற்கவில்லை. களவெட்டியில் அன்றாடச் சொற்களை விலக்கி வேறு சொற்களைப் பேசும் வழக்கம் கதைமாந்தரின் அச்சத்தையும் பணிவையும் எப்படிச் சுமக்கிறது, அதை விலக்கினால் வயலுக்குச் சொந்தக்காரரான போடியாருக்கும் வேலையாளுக்கும் இடையிலான உரையாடல் எப்படித் தட்டையாகிறது என்பதுவரை சென்றது. அந்தத் தம்பி ஓரிரு இடங்களில் எதிர்த்து வாதாடினார். பெரியவரும் ஓர் இடத்தில் விட்டுக்கொடுத்தார். அரைமணி நேரத்தில் அக்கதைக்குக் கிடைத்த கவனம், வெளியீட்டு மேடையில் எந்த நூலுக்கும் கிடைத்து நான் கண்டதில்லை.

இது இப்பிரதேசத்துக்குப் புதிய வழக்கமும் அன்று. கல்முனை எழுத்தாளர் சங்கத்தை நடத்திய கவிஞர் நீலாவணனைச் சுற்றி நுஃமான் போன்ற இளையோர் கூடிக் கவிதை பேசி வளர்ந்த கதையை மூத்தோர் இன்றும் சொல்வார்கள். 1975இல் மறைந்த நீலாவணனுடைய ‘வழி’ 1976இலும், ‘வேளாண்மை’ 1982இலுமே நூலாயின. மேடையும் பொன்னாடையும் இல்லாமலே அந்தக் கூடல் கவிஞர்களை உருவாக்கியது.

வாசலருகே போடப்பட்டிருந்த உதவி மேசையையும் குறிப்பிட வேண்டும். தேசிய நூலகத்திடமிருந்து சர்வதேச தராதரப் புத்தக எண்ணை (ISBN) பெறும் முறையை அங்கிருந்த ரீச்சர் ஒருவர் படிவத்தோடு விளக்கினார். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்துக்குப் பழைய பிரதிகளைக் கொடுக்கும் வழியையும் சொல்லித் தந்தார். விற்பனை மேசை மட்டும் ஏமாற்றம். விலை ஒட்டப்படாத நூல்களும், மீதிக் காசு இல்லாத பொறுப்பாளரும்.

என் பெருங்குறை ஒன்றே. எட்டுப் பிரதிகளில் மூன்றுதான் பேசப்பட்டன. நாலரைக்கெல்லாம் வாகரைக்குப் போக வேண்டியவர்கள் பஸ்ஸைக் கருதி எழுந்துவிட்டனர்; அவர்களுள் இருவர், தம் பிரதிகள் பேசப்படுவதற்காகவே காலை முதல் காத்திருந்தவர்கள். செயலாளரிடம் இதைச் சொன்னேன். “அதிதிகளைப் பின்னேரம் கூப்பிட்டால் வரமாட்டாங்க, சேர்” என்றார். அடுத்த ஆண்டு அழைப்பிதழில் கையெழுத்துப் பிரதி அமர்வு காலை ஒன்பது மணிக்கு என்று அச்சிடப்பட்டால், நான் எட்டரைக்கே வந்து கதிரைகளை வட்டமாகப் போடுவேன். அதுவரை, புதிதாக வர விரும்பும் எழுத்தாளர்கள் பன்னிரண்டரைக்கு வந்து சேர்ந்தாலே போதும்.