மலையிலிருந்து தத்துவ ஆய்வு: ஆன்லைன் குழுவா, கீழே இறங்கிக் கருத்தரங்கமா?

கோத்தகிரியிலோ குன்னூரிலோ இருந்துகொண்டு தத்துவத்தில் பிஎச்.டி. பண்ணுகிறவர்கள் குறைவு, அதிலும் மனிதனுக்கு எது நல்வாழ்வு என்ற கேள்வியை எடுத்தவர்கள் இன்னும் குறைவு. எழுதியதைப் பேச ஆள் வேண்டுமென்றால் ஒன்று, பல நாட்டு இளம் ஆய்வாளர்கள் கூடும் ஆன்லைன் குழு. இல்லையென்றால் கோவைக்கோ, மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்கோ போய்க் கருத்தரங்கில் பேப்பர் வாசிப்பது. என் ஓட்டு குழுவுக்குத்தான், ஆனால் முழு ஓட்டு இல்லை.

கருத்தரங்கில் கால் மணி நேரம் கிடைத்தால் பெரிது, அதில் பாதி மேடையில் இருப்பவர்களுக்கு வணக்கம் சொல்லவே போய்விடும். நல்வாழ்வு பற்றி ஆங்கிலேயத் தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984இல் பிரித்துக் காட்டிய மூன்று கொள்கைகளை, அதாவது இன்பம்தான் எல்லாம், விரும்பியது நிறைவேறினால் போதும், நாம் விரும்பாவிட்டாலும் சில விஷயங்கள் நமக்கு நல்லவைதான் என்பதை, அறிமுகப்படுத்துவதற்குள் மணி அடித்துவிடுவார்கள். அப்புறம் யாராவது ஒரு பெரியவர் எழுந்து, வள்ளுவர் இதையெல்லாம் அப்போதே சொல்லிவிட்டார் என்பார். இருக்கட்டும், என் வாதம் நிற்குமா நிற்காதா என்று யார் சொல்வது?

குழுவில் வரைவை முன்கூட்டியே அனுப்பிவிடலாம், எல்லோரும் படித்துவிட்டே வருவார்கள். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாமல் "ஏதோ ஓடுது, இது போதும்" என்று பழகிப்போன ஒரு சிறு விவசாயியை உதாரணம் காட்டி, விரும்பியது கிடைப்பதே நல்வாழ்வு என்ற கொள்கை தப்பு என்று எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். முதல் ஆளே, வறுமையில் இருப்பவர்கள் ஆசையைச் சுருக்கிக்கொள்வதை அமர்த்தியா சென் 1987லேயே எழுதிவிட்டாரே, உங்களுடையதில் புதுசு என்ன என்பார். அடுத்தவர் இன்னும் மோசம்: அந்த விவசாயிக்கு ஆசை உண்மையிலேயே குறைந்துவிட்டதா, இல்லை வாயால் மட்டும் அப்படிச் சொல்கிறாரா? ஆசை உள்ளே அப்படியே இருந்தால் அது நிறைவேறவில்லை, அவர் நன்றாக இல்லை என்று அந்தக் கொள்கையே சொல்லிவிடுமே, உங்கள் அடி எங்கே விழுந்தது? இந்த ஒரு கேள்விக்கே அரை அத்தியாயத்தைத் திருப்பி எழுத வேண்டியிருக்கும். எல்லோரும் ஏறக்குறைய நம் நிலையில் இருப்பதால், புரியலை என்று சொல்லவும் கூச்சம் இல்லை.

சரி, குறைகள். லண்டனில் மாலை நாலு மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் இரவு ஒன்பதரை, அவர்கள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியபின் எட்டரை. மழைக்காலத்தில் கரண்ட் போகும், கரண்ட் இருந்தால் நெட் போகும், நம் பதிலின் முக்கியமான வாக்கியத்தில்தான் போகும். அதைவிடப் பெரிய குறை, கல்லூரி வேலைக்கான இன்டர்வியூவில் ஃபைலைப் புரட்டுகிறவர்கள் தேடுவது சர்டிபிகேட்டை. குழுவில் அது கிடைக்காது.

அதனால் வரைவைக் குழுவில் அடிவாங்க விட்டு, தேறியதை மட்டும் வருஷத்துக்கு ஒரு கருத்தரங்கில் வாசியுங்கள். மே மாதம் மட்டும் வேண்டாம், சீசன் டிராஃபிக்கில் பர்லியாறு தாண்டுவதற்குள் உங்கள் அமர்வே முடிந்திருக்கும்.