கட்டிங் பழக எங்கே போவது? கடை, ஐ.டி.ஐ., அகாடமி: ஒரு மாமனின் கணக்கு

அக்கா மகன் பன்னிரண்டாவது முடித்த கையோடு வந்து நின்றான். "மாமா, நானும் கட்டிங் படிக்கப் போறேன்." ராமநாதபுரம் பக்கம் கடலோரத்து உச்சிப்புளியில் எனக்கு ஒரு சின்ன முடிவெட்டும் கடை, இரண்டு நாற்காலி. "இங்கேயே நில்லேன்டா" என்றேன். "இங்க சர்டிபிகேட் தர மாட்டியளே மாமா" என்றான். நியாயமான கேள்விதான். அவனுக்காக விசாரித்துப் போட்ட கணக்கு இது.

முதலில் லைசென்ஸ் குழப்பம்: முடிவெட்ட அரசு லைசென்ஸ் வேண்டுமா? ஜெர்மனியில் மூன்று வருடம் தொழில் பழகித் தேர்வு எழுத வேண்டும். கலிபோர்னியாவில் 1,000 மணி நேரம் பயிற்சி, அப்புறம் மாநில வாரியத்தின் பரீட்சை. நம் நாட்டில் கத்தரி பிடிப்பவனுக்கு என்று அப்படி எந்தப் பரீட்சையும் இல்லை. ஊராட்சியோ நகராட்சியோ தரும் தொழில் உரிமம் கடைக்கு, கைக்கு அல்ல. முடிதிருத்துவோர் நல வாரிய அட்டை கல்வி உதவி, ஓய்வூதியம் போன்றவற்றுக்கு. 18 முதல் 60 வயதுக்குள் அதைப் பதிந்து வைப்பது நல்லது, ஆனால் அதைக் காட்டி "எனக்கு வெட்டத் தெரியும்" என்று சொல்ல முடியாது. 'கவர்மெண்ட் லைசென்ஸோடு கோர்ஸ்' என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால், எந்த ஆபீஸ் தருகிற லைசென்ஸ் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, எங்கே பழகுவது? எனக்கு ஒரே அளவுகோல்தான்: முடிக்கும்போது எத்தனை தலை வெட்டியிருப்பான்?

என் மைத்துனர் மகள் மதுரையில் ஒரு அகாடமியில் மூன்று மாதம் படித்தாள். 55,000 ரூபாய். அழகான பெட்டி, ஆல்பம், சுவரில் மாட்டச் சான்றிதழ் எல்லாம் வந்தன. "எத்தனை பேருக்கு வெட்டினே?" என்றேன். விரல் விட்டு எண்ணி ஆறு என்றாள். மற்றதெல்லாம் டம்மி தலை. டம்மி தலை ஆடாது, தும்மாது, அதற்குச் சுழியும் கிடையாது. உச்சியில் ரெட்டைச் சுழி இருக்கிற பையனுக்கு மற்ற இடத்துக்கு வெட்டுகிற அளவிலேயே அங்கேயும் மெஷினை ஓட்டினால், முடி ஆணி அடித்த மாதிரி எழுந்து நிற்கும். அங்கே மட்டும் கொஞ்சம் நீளம் விட்டு, முடி படுக்கிற போக்கைப் பார்த்து வெட்ட வேண்டும். இதெல்லாம் நாலைந்து பிள்ளைகளை அழவிட்ட பிறகுதான் கைக்கு வரும். தண்ணீர் இன்னொரு கதை. அங்கே ஷாம்பு நுரை பொங்கியதாம். இங்கே உப்பு போர் தண்ணீரில் நுரையே எழவில்லை. இப்போது காவிரித் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்து அலசுகிறாள். ஆனால் முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கலர் போடுவது, ஸ்மூத்தனிங், கல்யாணப் பெண் அலங்காரம் எல்லாம் சுத்தமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது என் கடையில் கிடைக்காது.

ஐ.டி.ஐ.யில் காஸ்மெட்டாலஜி, அதாவது அழகுக்கலைப் பிரிவு ஒரு வருடம், பத்தாவது போதும். அரசு ஐ.டி.ஐ. என்றால் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படித்த பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் சேரும். சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும். குறை என்னவென்றால் தோல், நகம், மேக்கப் என்று பாடம் பரந்து கிடக்கும், முடி அதில் ஒரு பகுதிதான். பார்லர் வைக்கப் போகிற பெண்ணுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஃபேட் (பக்கவாட்டு முடியைப் படிப்படியாகக் குறைக்கிற வெட்டு), தாடி லைன் என்று ஆண்கள் சலூனை நினைத்துப் போகிறவனுக்கு ஏமாற்றம்தான்.

வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இலவசம், சாப்பாடும் உண்டு. ஒரு மாத அளவில் முடிந்துவிடும், லோன் வாங்க வழியும் காட்டுவார்கள். கொஞ்சம் கை பழகியவர்களுக்குச் சரி. கத்தரியே பிடிக்காதவனுக்கு ஒரு மாதம் என்பது வாசல்படிதான்.

இனி கடை. முதல் சில மாதம் கூட்டுவது, துண்டு அலசுவது, பார்ப்பது. பலூனில் நுரை தடவி, அது வெடிக்காமல் சவரக்கத்தி ஓட்டுவது. ராத்திரி கத்தரியின் கீல்முனையில் ஒரு சொட்டு எண்ணெய். இந்த உப்புக் காற்றுக்கு ரெண்டு நாள் மறந்தாலும் துரு ஏறும். கடலிலிருந்து நேரே வருகிறவர் தலையில் உப்பு ஒட்டி விறைத்திருக்கும். நனைக்காமல் சீப்பை விட்டால் மனுஷர் கத்துவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கல்லாப்பெட்டி காயும், கடனுக்குத்தான் கட்டிங். ஆனால் ஆட்கள் சாவகாசமாக உட்கார்வார்கள். பழகுகிற பையனுக்கு அதுதான் அறுவடை. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன்னால் புதுமடத்திலிருந்து வருகிற கூட்டத்தில் அவனை நிறுத்த மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பள்ளிப் பிள்ளைகள் போதும். வருடம் முடியும்போது ஆயிரம் தலை தாண்டிவிடும்.

கடையின் குறையையும் சொல்ல வேண்டும். ஆசானுக்குத் தெரிந்ததுதான் சீடனுக்கு. டை அடிக்கும் முன் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு பெரியவருக்கு மறுநாள் நெற்றி வீங்கி, கண் திறக்க முடியாமல் போனது. கறுப்பு டையில் இருக்கும் பி.பி.டி. என்கிற ரசாயனம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதே ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் எனக்குத் தெரிந்தது. அகாடமி போனவளுக்கு இது முதல் வாரப் பாடம்.

கை பழகிய பிறகு காகிதம் வாங்கவும் வழி உண்டு. 2015-இல் தொடங்கிய பிரதமரின் கௌசல் விகாஸ் திட்டத்தில், ஏற்கெனவே தொழில் தெரிந்தவரைச் சோதித்துச் சான்றிதழ் தருகிற பிரிவு இருக்கிறது. சபுர், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போகிற எண்ணம் இருந்தால் அந்தக் காகிதம் கையில் இருப்பது நல்லது. அப்போதும் நாற்காலியில் ஒருவரை உட்கார வைத்து வெட்டச் சொல்லித்தான் பார்ப்பார்கள்.

மருமகனிடம் இதைத்தான் சொன்னேன்: கடையில் ஒரு வருடம், பிறகு அந்தச் சோதனை, கலர் வேலை வேண்டுமென்றால் அதற்கு மட்டும் குறுகிய கோர்ஸ். அக்காவுக்கு ஐ.டி.ஐ. மேல் ஆசை, இன்னும் முகம் சரியாகவில்லை.

செவ்வாய் கடை லீவு. புதன்கிழமை காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பலூன் பாக்கெட் அவன் காசில் வாங்கி வரட்டும்.