கொம்புச்சாவில் எதைப் போடலாம்: மாம்பழமா, நாவலா, இஞ்சியா, நன்னாரியா, வெற்றிலையா?

சர்க்கரை போட்ட டீயைப் புளிக்கவைத்துக் குடிக்கிற பானம்தான் கொம்புச்சா, அதைப் போடுவது பெரிய வேலை இல்லை. டீ, சர்க்கரை, ஸ்கோபி (டீயைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்த ஆடை), துணி கட்டிய கண்ணாடி ஜாடி, வெயில் காலமென்றால் ஆறேழு நாள், அவ்வளவுதான். தகராறெல்லாம் அதற்கப்புறம், பாட்டிலில் அடைக்கும்போது எதைப் போட்டு மணமேற்றுவது என்பதில்தான். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் ஸ்ட்ராபெரியில் ஆரம்பித்து, மூடியை இறுக்கி மூன்று நாள் வெளியே வையுங்கள் என்று முடியும். அது குளிர் ஊர்க்காரர்கள் கணக்கு. தஞ்சாவூர், மன்னார்குடி பக்கம் சித்திரையில் அடுப்பங்கரை 35 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், குளிர் ஊரில் மூன்று நாளில் ஏறுகிற கேஸ் இங்கே ஒரே நாளில் ஏறிவிடும். அதனால் நாம் ருசியைப் பார்ப்பதற்கு முன்னால் போடுகிற பொருளில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

ஒரு லிட்டரில் 4 கிராம் சர்க்கரை முழுக்க நொதித்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் கரியமில வாயு வரும். கடைச் சோடாவில் இருப்பது அதைப்போல மூன்றரை, நான்கு மடங்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு மாம்பழத்துக்கு வாருங்கள். 100 கிராம் சதையில் 13, 14 கிராம் சர்க்கரை இருக்கும். அரை லிட்டர் பாட்டிலில் 50 கிராம் கூழ் போட்டாலே சுமார் 7 கிராம் ஆகிவிட்டது, அது மட்டுமே பாட்டிலைச் சோடா அளவுக்குக் கொண்டுபோகும், டீயில் மிச்சமிருக்கும் சர்க்கரை தனி. போதாததற்குக் கூழின் ஒவ்வொரு துணுக்கிலும் குமிழி பிடித்துக்கொள்கிறது, மூடியைத் திறந்தால் பாதி சுவருக்குத்தான். சரி, ருசியாவது உண்டா என்றால், இனிப்பை ஈஸ்ட் தின்றபின் மிஞ்சுவது புளிப்பும் தோல் பக்கத்து வாடையும்தான். மாம்பழத்தை மாம்பழமாகவே சாப்பிட்டுவிடலாம். கரும்புச் சாறுக்கும் இதே பதில்தான், அது இன்னும் வேகம்.

நாவல்பழமும் பழம்தானே என்பீர்கள். சர்க்கரை இதிலும் உண்டு, ஆனால் துவர்ப்பும் நிறமும் தூக்கலாக இருப்பதால் நாலைந்து பழமே போதும். கொட்டை எடுத்துப் பிசைந்து, துணியில் வடிகட்டிச் சாற்றை மட்டும் விடுங்கள். டீயின் துவர்ப்போடு இது சேருகிற மாதிரி வேறெந்தப் பழமும் சேராது. நிறம் வேறு, கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் அடர் ஊதா, விளிம்பில் ரோஸ். ஒரே குறை, ஆனி, ஆடி போனால் கிடைக்காது.

அன்றாடத்துக்கு இஞ்சி. நன்றாகக் கழுவி, தோலோடு துருவுங்கள், அந்தத் தோலில் இருக்கிற ஈஸ்ட்தான் கேஸுக்கு ஒத்தாசை. அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் துருவல், அரை டீஸ்பூன் சர்க்கரை. எலுமிச்சையைச் சேர்த்து அடைக்கச் சொல்வார்கள், எனக்கு அதில் சம்மதமில்லை. இரண்டு நாளில் எலுமிச்சை வாசனை மங்கிப்போய் வெறும் புளிப்பு நிற்கிறது, ஏற்கனவே புளித்த பானத்துக்கு அது எதற்கு? குடிக்கும்போது நாலு சொட்டு பிழிந்தால் தீர்ந்தது. இஞ்சி காலை வாருவதில்லை என்பது உண்மை, ஆனால் எல்லார் வீட்டிலும் ஒரே ருசியாக இருக்கும் என்பதும் உண்மை.

என் ஓட்டு நன்னாரிக்கு. ஆனால் சிரப் இல்லை, வேர். சிரப்பில் பாதிக்கு மேல் சர்க்கரை, அதோடு பல சிரப்புகளில் கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சோயேட் ஈஸ்டையும் அடக்கிவிடும், அப்படி ஒன்று மாட்டினால் இனிப்பு இருக்கும், கேஸ் இருக்காது. நாட்டு மருந்துக் கடையில் வேரை வாங்கி, தட்டி, நடுவிலிருக்கும் கட்டை நரம்பை எடுத்துப் போட்டுவிடுங்கள், வாசனையெல்லாம் பட்டையில்தான். இரண்டு விரல் நீளம் ஒரு பாட்டிலுக்குத் தாராளம். வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலினில் உள்ள அதே அணுக்களே வேறு அமைப்பில் சேர்ந்ததுதான் நன்னாரியின் மணம், அதனால்தான் சர்க்கரை போடாமலே இனிக்கிற மாதிரி ஒரு மயக்கம். கேஸ் எவ்வளவு வேண்டுமோ அதற்குத் தக்க சர்க்கரையை நாமே அளந்து போடலாம், பழத்தில் அந்தப் பிடி நம் கையில் இல்லை.

பன்னீர் ரோஜா வீட்டுச் செடியில் பூத்தால் மட்டும். பூக்கடை உதிரியில் என்ன மருந்து அடித்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்.

எதுவானாலும் அடுத்த தடவைக்கான உறைக் கொம்புச்சாவை முதலில் தனியே எடுத்து வைத்துவிட்டு, மணப்பொருளைப் பாட்டிலில் மட்டும் போடுங்கள், ஸ்கோபி இருக்கும் ஜாடியில் வேண்டாம். ஒரு பாட்டிலை மட்டும் பிளாஸ்டிக் சோடா பாட்டிலாக வைத்துக்கொண்டால் அழுத்திப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், கல்லு மாதிரி ஆனதும் எல்லாவற்றையும் ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். மூடிய பாட்டிலில் வாயுவோடு கொஞ்சம் ஆல்கஹாலும் கூடும், பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வீட்டில் அதையும் யோசிக்க வேண்டும்.

கடைசியாக வெற்றிலை. அய்யம்பேட்டை, ராஜகிரி பக்கத்துக் கொடிக்கால் வெற்றிலைதான் கும்பகோணம் வெற்றிலை என்று 2025ல் புவிசார் குறியீடு வாங்கியது, காவிரித் தண்ணீரில் வளர்ந்த அந்தக் காரம் கொம்புச்சாவில் நன்றாகவே இறங்குகிறது. கொளுந்தாக ஒரே ஒரு இலை, காம்பு கிள்ளி, கசக்காமல் கிழித்துப் போட்டு, ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி. அதற்கு மேல் விட்டால் கசக்கும். விருந்துச் சாப்பாட்டுக்கப்புறம் சின்ன டம்ளரில் கொடுக்கத் தோதான சரக்கு. எங்கள் அத்தை ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கேட்டது, "பாக்கு எங்கேடா?"